ஒரு தொகுதி கூடினால்: குரோமோசோம்களும் கருச்சிதைவும்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. தாய்வழி 23, தந்தைவழி 23 என அவை இரண்டு தொகுதிகளாக அமைந்தவை. இத்தொகுதிகளின் எண்ணிக்கை உயிரினத்திற்கு உயிரினம் வேறுபடும். ஓர் உயிருக்கு இயல்பாக இருப்பது மற்றோர் உயிருக்குக் கேடாக முடியலாம்.

மன்னார் வளைகுடாவில் நம் பகுதிப் பெண்கள் சேகரிக்கும் கஞ்சிப்பாசியை எடுத்துக்கொள்வோம். இச்செம்பாசியில் ஒரு தொகுதி மட்டும் கொண்ட செடிகளும், இரண்டு தொகுதிகள் கொண்ட செடிகளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வகங்களில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கப் பயன்படும் அகர் இத்தகைய செம்பாசிகளிலிருந்தே கிடைக்கிறது.

பூவன், ரஸ்தாளி வாழைகளில் மூன்று தொகுதிகள், அதாவது 33 குரோமோசோம்கள் உள்ளன. மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க இயலாது. அப்பழங்களில் விதை உருவாகாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம். 1912-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் கலப்பினம் செய்து உருவாக்கிய கரும்புகளில் குரோமோசோம்கள் நூற்றுக்கும் மேல். பயிர்களின் பரிணாமத்தில் தொகுதிகள் பெருகுவது புதிய இனங்கள் தோன்ற வழி செய்திருக்கிறது.

மனித உடலிலும் சில உயிரணுக்கள் தொகுதிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. கல்லீரல் உயிரணுக்கள் பலவற்றில் நான்கு தொகுதிகள் இருக்கும். டெங்குக் காய்ச்சலில் குறையும் தட்டணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சையின் பெரிய உயிரணுக்களில் 16, 32 தொகுதிகள்கூட உண்டு. இவை நோயல்ல; அவ்வுயிரணுக்களின் பணிக்கு ஏற்ற அமைப்பு.

ஆனால், கரு முழுவதிலும் ஒரு தொகுதி கூடி 69 குரோமோசோம்கள் ஆகிவிட்டால் அக்கரு நிலைப்பதில்லை. ஒரே சினைமுட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைவதாலோ, சினைமுட்டை தன் தொகுதியில் ஒன்றை வெளியேற்றத் தவறுவதாலோ இது நேர்கிறது. நூறு கருத்தரிப்புகளில் ஒன்றிரண்டில் இவ்வாறு ஆகிறது. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையே காரணம்.

இப்பிழை பெரும்பாலும் கருத்தரிக்கும் வேளையிலேயே முடிவாகிவிடுகிறது. அதன் பின் அப்பெண் கடலில் இறங்கிப் பாசி எடுத்ததோ, குடம் சுமந்ததோ, பப்பாளி உண்டதோ அதை உண்டாக்க முடியாது. எனவே கருவை இழந்த பெண்ணை நோக்கி, "நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று வீட்டார் சொல்வது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது. கணவரைக் குறை கூறவும் இடமில்லை. இது தற்செயலாக நேர்வது.

கூடுதல் தொகுதி தந்தைவழி வந்திருப்பின், நஞ்சுக்கொடி நீர்க்குமிழிகள்போல் வீங்கி, 'முத்துப்பிள்ளை' எனப்படும் நிலையின் ஒரு வகை உருவாகலாம். இங்கு எச்சரிக்கை தேவை. வெளியேற்றிய திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன் பின்னர் ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையை மருத்துவர் கூறும் காலம் வரை தவறாது செய்துகொள்ள வேண்டும். அதுவரை அடுத்த கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். அரிதாகத் திசு எஞ்சி வளர்ந்தாலும், உரிய காலத்தில் கண்டறிந்தால் மருந்துகளால் குணப்படுத்த இயலும். "உடம்பு தேறிவிட்டதே" என்று பரிசோதனையை இடையில் நிறுத்துவதே ஆபத்து.

ஒருமுறை கருச்சிதைவு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னர் நலமான குழந்தையைப் பெறுகின்றனர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஏற்பட்டிருந்தால், தைராய்டு, சர்க்கரை, கருப்பை அமைப்பு ஆகியவற்றோடு கணவன், மனைவி இருவரின் குரோமோசோம்களையும் ஆராய வேண்டியிருக்கலாம். மருத்துவரைக் காண இருவரும் சேர்ந்தே வாருங்கள். முந்தைய ஸ்கேன், திசுப் பரிசோதனை அறிக்கைகளையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.