பழைய தறியில் ஒரு புதுப் புட்டா

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்,

உன் கடிதத்தைப் படித்ததும் தூக்கம் வரவில்லை. பக்கவாதத்தில் கை விழுந்த தாத்தாவின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து முதுகில் ஊசியாகப் போட்டால், அது மூளை நரம்பாக மாறிக் கை வந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாமே. ஏனாத்தூரில் உயிரியல் படிக்கிறவள் நீ, விவரமாகவே எழுதுகிறேன்.

தாத்தாவின் தறிக்கு மேல் ஜக்கார்டு அட்டைகள் தொங்குமே, நினைத்துப் பார். மரபணுக்களும் அப்படித்தான்: உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே அட்டைக் கட்டுத்தான் இருக்கிறது. நரம்புச் செல் சில அட்டைகளைப் படிக்கும். தோல் செல் வேறு சிலவற்றை. மஜ்ஜையின் ரத்த ஸ்டெம் செல்லுக்குச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு இவற்றை உண்டாக்கத் தெரியும்.

2001-ல் அந்த ஸ்டெம் செல் எலியின் இதயத் தசையாக மாறியது என்று ஓர் ஆய்வு வந்தது. உலகமே பூரித்தது. 2004-ல் வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அப்படி மாறவேயில்லை. சில சோதனைகளில் இரண்டு செல்கள் ஒட்டி ஒன்றானதையே மாற்றம் என்று நினைத்திருந்தார்கள். 2006-ல் ஜப்பானின் யமனாக்கா எலியின் முதிர்ந்த செல்லைக் கருச்செல் போலவே ஆக்கினார். அதற்கு நான்கு மரபணுக்களை உள்ளே புகுத்த வேண்டியிருந்தது.

எனக்கு மனம் நிறைந்தது இந்த ஊரில் நடந்ததுதான். ஹீமோஃபிலியா ஏ நோயாளிக்கு ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 போதிய அளவு சுரக்காது, ரத்தம் சரியாக உறையாது. அதைப் பெரும்பாலும் சுரப்பது கல்லீரல் ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள். இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். அவற்றிலிருந்து பிறந்த வெள்ளையணுக்கள் ஃபேக்டர் 8-ஐச் சுரந்தன. ஐந்து பேருக்குச் செய்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது, சிகிச்சைக்குப் பின் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ரத்தச் செல் கல்லீரலாக மாறவில்லை, கயல். அதே தறி, புதிதாக ஒரு புட்டா!

பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆய்வுநிலையில்தான் இருக்கிறது. ஆய்வில் சேருகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) விதி. அந்த ஊசி போடுவதாகச் சொன்னவர்களோ நம்மிடம் முன்பணம் கேட்கிறார்கள். கட்ட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் இன்றே சொல்.

பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதே. பயிற்சி முடிந்ததும் தாத்தாவின் வலது கையில் ஒரு தார்க்குச்சியைக் கொடு. பிடி நழுவினால் எடுத்து மறுபடி கொடு. வெள்ளிக்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
அத்தை