பில் கட்டியும் கரண்ட் போனது ஏன்?



2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் வைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் திடீர்னு கரண்ட் போயிடுச்சு. ஒழுங்காகப் பில் கட்டியவர்கள் வீட்டிலும்தான்!

காரணம் என்ன? பழைய மீட்டர் யூனிட்டை எண்ண மட்டும் செய்யும். ஸ்மார்ட் மீட்டர் செல்போன் மாதிரி சிக்னல் மூலம் ரீடிங்கைத் தானே அனுப்பும். உள்ளே 'ரிலே' என்ற சுவிட்சும் உண்டு. பணம் கட்டாதவர் கரண்டை ஆபீசிலிருந்தே நிறுத்தலாம். அன்று தவறான கட்டளை போனதால் கட்டியவர்களின் ரிலேயும் ஆஃப் ஆகிவிட்டது.

கரண்ட் போனால் கவனியுங்க:

1. பக்கத்து வீட்டிலும் இல்லையா? லைனில் பழுது இருக்கலாம்.

2. நம்ம வீட்டில் மட்டும் இல்லையா? ஃபியூஸ், மெயின் சுவிட்சைப் பெரியவர்கள் பார்க்கட்டும். நாம் தொடக் கூடாது.

3. அதெல்லாம் சரி, ஸ்மார்ட் மீட்டரில் எண்ணும் தெரியுது, ஆனால் லைட் எரியலையா? ரிலே ஆஃப் ஆகியிருக்கலாம். மின்னகத்துக்கு (94987 94987) சொல்லணும்.

ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்தால், "கட்டியாச்சு அண்ணா" என்று ரசீதைக் காட்டலாம். மீட்டரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் ரசீதைப் பத்திரமா வையுங்க!

- 9ஆம் வகுப்பு மாணவி