மலிவு விலையும் மறைந்திருக்கும் செலவும்

(மகளிர் கூட்டங்களில் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டுக் கலந்து பேசுவதற்குரிய பாடம்)



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் பெரியவர்கள் சொன்ன பழமொழி. மலிவாக் கிடைக்குதேன்னு பிளாஸ்டிக் குடம் வாங்குகிறோம். இரண்டே மாதத்தில் விரிசல் விடுகிறது. இன்னொரு குடம் வாங்கும்போதுதான் முதல் குடத்தின் உண்மையான விலை தெரிகிறது. குடம் போனால் காசு நஷ்டம், அதோடு சரி. உடம்புக்குள் வைக்கும் மருத்துவக் கருவியில் இந்தக் கணக்குத் தப்பினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் நடந்த ஒன்றை வைத்து இதைத் தெரிந்துகொள்வோம்.

1. ஒரு லூப், ஒரு நூல்

ஏ.எச். ராபின்ஸ் என்னும் கம்பெனி 1971 ஜனவரியில் "டால்கன் ஷீல்டு" என்ற லூப்பை விற்கத் தொடங்கியது. பார்வைக்கு அது சின்ன நண்டு போல இருக்கும். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதைப் பொருத்திக்கொண்டார்கள்.

லூப்புக்கு வால் போல ஒரு நூல் உண்டு. லூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும், வேண்டாதபோது இழுத்து எடுக்கவும் அது உதவும். மற்ற லூப்களின் நூல் தூண்டில் நரம்பு போல ஒற்றை இழை. டால்கன் ஷீல்டோ தன் கால்களால் கருப்பையை இறுகப் பற்றிக்கொள்ளும். அதை இழுத்தெடுக்க வலுவான நூல் வேண்டியிருந்தது. ஆகவே நூற்றுக்கணக்கான மெல்லிய நைலான் இழைகளைச் சேர்த்து, மேலே ஓர் உறை போட்ட நூலைக் கட்டினார்கள். உறையின் முனைகளை அடைக்கவில்லை.

"இழை இழையா இருந்தா என்ன கெடுதல், நர்சம்மா?" என்று கேட்பீர்கள். அகல் விளக்குத் திரியைப் பாருங்கள். ஒரு நுனி எண்ணெயில் கிடந்தால் மறு நுனிவரை எண்ணெய் தானே ஏறிவிடும். இழைகளுக்கு நடுவே உள்ள சந்துதான் காரணம். அதே மாதிரி, வெளிப்புறத்துக் கிருமிகள் நூலுக்குள் ஏறிக் கருப்பைக்குள் போக வழி உண்டாயிற்று. 1975-ல் டாக்டர் ஹோவர்டு டேட்டம் இந்த நூல்களைச் சோதித்து, உறைக்குள்ளே கிருமிகள் இருப்பதைக் காட்டினார். "டி" வடிவ லூப்பை உருவாக்கியவர் இவர்தான்.

2. சொன்ன சொல் ஏறவில்லை

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவர், நூலில் ஈரம் ஏறுவதை 1971-லேயே கண்டு மேலிடத்துக்குச் சொன்னார். முனையைச் சூடு காட்டி அடைத்துவிடலாம் என்று வழியும் சொன்னார். பிற்பாடு நடந்த வழக்குகளில் இது வெளிவந்தது. ஆனால் முனை அடைக்கப்படவே இல்லை.

லூப் இருக்கும்போதே கருவுற்ற பெண்களில் சிலர் கருப்பையில் கிருமி பரவி, கருச்சிதைந்து இறந்தார்கள். வேறு பலருக்குக் கருக்குழாய் புண்பட்டு, பிள்ளை வேண்டும் என்றபோது உண்டாகவில்லை. 1974 ஜூனில் அமெரிக்காவில் விற்பனை நின்றது.

3. பாதி விலை எப்படி வந்தது?

வளரும் நாடுகளுக்கு அனுப்புவதற்காக, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம் இதே லூப்பை ஏறத்தாழப் பாதி விலைக்கு மொத்தமாக வாங்கியது. அமெரிக்கப் பெண்களுக்கு விற்றவை கிருமி நீக்கிய தனித்தனி உறையில் வந்தன. மொத்தச் சரக்கு கிருமி நீக்காமலே வந்தது. மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டிய வேலை, வாங்கிய நாட்டுச் செவிலியர் தலையில் விழுந்தது. பொருத்தும் குழாயும் பத்து லூப்புக்கு ஒன்றுதான்.

கம்பெனி செய்ய வேண்டிய செலவு கிராமத்து நிலையத்துக்கு இடம் மாறியது. 1975-ல் அந்த நிறுவனம் சரக்கைத் திரும்பக் கேட்டது. பெட்டியில் இருந்தது திரும்பும். உடம்பில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட பெண்ணைத் தேடி யார் போவது?

4. முழுக் கணக்கை எழுதுவோம்

விலைப் பட்டியலில் நூலுக்கு ஒரு சல்லிக்காசு மதிப்புத்தான். பட்டியலில் இல்லாதவை இவை:

• எடுக்கும் செலவு: 1984-ல் கம்பெனியே தன் செலவில் லூப்பை எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று.

• நஷ்டஈடு: 1985 ஆகஸ்டில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. ஏறத்தாழ 248 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

• நம்பிக்கை: பெண்கள் நல்ல லூப்பைக் கண்டும் பயந்தார்கள். வழக்குச் செலவுக்கு அஞ்சி, 1986-ல் காப்பர் லூப்களும் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து விலகின. 1988-ல்தான் காப்பர்-டி 380ஏ அங்கே விற்பனைக்கு வந்தது.

• எந்தப் பில்லிலும் வராதது: தாயை இழந்த பிள்ளை, பிள்ளை இல்லாமற்போன தாய்.

இந்த அனுபவத்துக்குப் பிறகே, 1976-ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்குத் தனிச் சட்டத் திருத்தம் வந்தது.

5. "அப்போ எனக்குப் போட்டதுலயும் நூல் இருக்குதே!"

பயம் வேண்டாம், அம்மா. காப்பர்-டி 380ஏ-யின் நூல் ஒற்றை இழையால் ஆனது. திரி போல உறிஞ்சாது. கிருமி நீக்கிய தனி உறையில் வருகிறது. 10 ஆண்டு வரை பலன் தரும். அரசு நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

போட்டுக்கொள்ளும் தாய்மார்கள் கவனிக்க:

• உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். கேட்பது தப்பில்லை.
• போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி இரண்டையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.
• காய்ச்சல், கடுமையான அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நாள் தள்ளிப்போதல் – இவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

வாங்குவோரும் ஸ்டோர் பார்ப்போரும் கவனிக்க:

• டெண்டரில் விலையோடு, எந்தப் பாகம் எதனால் ஆனது, கிருமி நீக்கியதா, உடன் என்னென்ன வருகிறது என்பதையும் ஒப்பிடுங்கள்.
• உறை கிழிந்ததையும் காலாவதியானதையும் ஒதுக்குங்கள். உறை நன்றாக இருந்து செம்பு மட்டும் கறுத்திருந்தால் கெடுதல் இல்லை, வீணாக்க வேண்டாம்.
• பேட்ச் எண்ணைப் பதிவேட்டில் பெண்ணின் பெயரோடு எழுதுங்கள். நாளை ஒரு பேட்ச் திரும்பக் கேட்கப்பட்டால் அவரைத் தேடிப் போக அதுதான் வழி.
• குறை கண்டால் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள்.

கலந்து பேச:

1. ஒற்றை இழை நூலுக்கும் பல இழை நூலுக்கும் என்ன வேறுபாடு? ஒரு திரியையும் தூண்டில் நரம்பையும் சாயத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள்.
2. பாதி விலைக்கு வாங்கிய லூப்பின் மீதிச் செலவை யார் யார் கொடுத்தார்கள்?
3. உங்கள் நிலையத்தில் ஒரு பேட்ச் திரும்பக் கேட்கப்பட்டால், அதைப் போட்டுக்கொண்டவர்களை எத்தனை நாளில் கண்டுபிடிக்க முடியும்?