பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

நம் சங்க இதழில் கவிதையும் சிறுகதையும் இலக்கிய ஆராய்ச்சியும் வெளிவருவதே வழக்கம். அவற்றுக்கிடையே பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஊரிலிருந்து டில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்குக் கணினி என்றால் அது பிறர் பயன்படுத்திக் கழித்த கணினிதான். அது ஓடினால் ஆய்வேடு நடக்கும். ஓடாவிட்டால் அடுத்த அறை நண்பர் உறங்கும்வரை காத்திருந்து அவருடையதை இரவல் வாங்க வேண்டும். ஆகவே இப்பொருளும் நம் இதழுக்கு உரியதே என்று துணிந்து எழுதுகின்றேன்.

இந்தப் பழைய இயந்திரங்கள் சந்தைக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, மைக்ரோசாப்ட் நிறுவனம் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்க மறுத்தது. பின்னர் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. உடலில் குறையேதும் இல்லாத பல மடிக்கணினிகள் இவ்வாறு ஒரே நாளில் கிழமாயின. நேரு பிளேஸ் போன்ற இடங்களில் அவற்றை வாங்கி, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொண்டால் நமக்கு வேண்டிய வேலை தாராளமாக நடக்கும். லினக்ஸ் மின்ட் 22 கேட்பது 2 ஜி.பி. ரேம்தான், 4 ஜி.பி. இருந்தால் நலம்.

சிக்கல் நிறுவும்போதுதான் வருகின்றது. பாதியில் நிற்கும், திரை கறுக்கும், நிறுவி முடிந்தது என்று சொல்லிவிட்டு மறுமுறை எழ மறுக்கும். உடனே நம்மவர் செய்வது என்ன? அதே பென் டிரைவைச் செருகி, அதே பொத்தானை அழுத்தி, மறுபடியும் அதே வேலையைத் தொடங்குவார்கள். மூன்றாம் முறையும் தோற்றால் கடைக்குத் தூக்கிச் செல்வார்கள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், “மதர்போர்டு போய்விட்டது” என்பார். சோதனைச்சாலையில் ஒரு சோதனை தவறினால், எதையும் மாற்றாமல் பத்து முறை திரும்பச் செய்யும் மாணவனை நம் பேராசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

கணினி உயிர்பெற்று எழுவது ஒரே பாய்ச்சலில் நிகழ்வதன்று. அது தொடர் ஓட்டம் போன்றது. மின்சாரம் வந்ததும் பலகையில் பொறிக்கப்பட்டுள்ள பயாஸ் அல்லது யு.இ.எப்.ஐ. என்னும் மென்பொருள் முதலில் விழிக்கின்றது. அது ரேமையும் வட்டுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பென் டிரைவில் உள்ள துவக்கி நிரலைத் தேடி அதனிடம் கோலைக் கொடுக்கின்றது. துவக்கி நிரல் இயங்குதளத்தின் கருவை ரேமுக்குள் ஏற்றுகின்றது. கரு, திரை, விசைப்பலகை, வட்டு ஆகியவற்றை அடையாளம் கண்டு, நிறுவும் நிரலை ஓடவிடுகின்றது. நிறுவும் நிரல் சுருக்கி வைக்கப்பட்ட கோப்புகளை விரித்து ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, இறுதியில் அங்கும் ஒரு துவக்கி நிரலை வைத்துவிட்டு விலகுகின்றது. கோல் எவர் கையிலிருந்து விழுந்தது என்று கண்டால், குறை எங்கே என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

பென் டிரைவையே கணினி காணவில்லையானால், பழி முதல் ஓட்டக்காரர்மேல். துவக்கப் பட்டியலைக் கொண்டுவரும் விசை டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எப்-12, எச்.பி.யில் எப்-9. அப்பட்டியலிலும் பென் டிரைவின் பெயர் இல்லையென்றால் வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். பதிவிறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்பதற்கு எஸ்.எச்.ஏ.-256 என்னும் சரிபார்ப்பு எண் உண்டு. வெளியிட்டவர் தந்திருக்கும் எண்ணும் நம் கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. விடுதியின் வயர்லெஸ் இணைப்பை அறிந்தவர்கள் இதனைத் தவறவிடமாட்டார்கள்.

இனி, சென்ற பருவத்தில் என் அறைக்கு வந்த ஒரு மடிக்கணினியின் கதையைச் சொல்கின்றேன். வேதியியல் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் அதனை வாங்கியிருந்தார். இன்டெல் மூன்றாம் தலைமுறைச் செயலி, 2 ஜி.பி. வீதம் இரண்டு ரேம் பலகைகள், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அவருடைய தாயார் சீட்டுப் பணம் எடுத்து அனுப்பிய தொகையில் வாங்கியது. “அண்ணா, மதர்போர்டு போயிடுச்சுன்னு கடையில சொல்றாங்க. மூவாயிரம் ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கிறாங்களாம்” என்றார். அவர் கொடுத்ததோ ஒன்பதாயிரம்.

“நிறுவும்போது எந்த இடத்தில் நின்றது, தம்பி?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில், அண்ணா.”

இந்த ஒரு விடை பாதி நோயைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அங்கே படிக்கப்படும் கோப்பு கெட்டிருக்கலாம். பென் டிரைவிலோ வட்டிலோ ஒரு குறிப்பிட்ட பகுதி பழுதாயிருக்கலாம். பழுதான இடம் நகர்வதில்லை அன்றோ? நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் நாம் ஐயுற வேண்டியவை வேறு: ரேம், வெப்பம், மின் வழங்கல். விண்டோஸை நிறுவும்போது 80070570 என்ற எண்ணில் முடியும் பிழைச் செய்தி வருவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். கோப்பு சிதைந்துள்ளது, படிக்க இயலவில்லை என்பது அதன் பொருள். கோப்பு சிதைந்தது பென் டிரைவிலா, ரேமுக்கு வந்த பிறகா என்று அச்செய்தி சொல்வதில்லை. பால் திரிந்தால் பாலைத்தான் குறை சொல்கிறோம். பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பவர் குறைவு.

“ஆனால் கடையில் விண்டோஸ் நன்றாகத்தானே ஓடியது?” என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நிறுவும் வேலை ரேமுக்கு ஒரு கடுஞ்சோதனை. சுருக்கிய கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அதனை விரிக்கும் கணக்கு பிசகும். நிரல் உடனே நின்றுவிடும். சாதாரண நாளில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது, பழுதான நினைவு அறைகள் தொடப்படாமலே போகலாம். தொடப்பட்டாலும், அங்கே இருந்தது ஒரு படத்தின் ஒரு புள்ளியாக இருந்தால், அதன் நிறம் மாறியதை எவர் காண்பார்? ஆகவே கடையில் பத்து நிமிடம் ஓடியது என்பது ரேமுக்கு நற்சான்று ஆகாது.

முதலில் மலிவான ஐயங்களைக் களைந்தோம். சரிபார்ப்பு எண் ஒத்திருந்தது. காற்றாடி சுழன்றது, காற்று வெளியேறும் வாய் சூடாக இருந்தாலும் கணினி தானாக அணையவில்லை. தூசியடைத்த கணினி வெப்பத்தால் நிற்பதாயின், பெரும்பாலும் பிழைச் செய்தி ஏதுமின்றி விளக்கணைந்தாற்போல் அணைந்துவிடும். அடுத்து, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை ஓடவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பைப் படித்தோம். ஸ்மார்ட் எனப்படும் இக்குறிப்பேட்டை வட்டு தானே எழுதி வைத்துக்கொள்கின்றது. அதில் 5 ஆம் எண், பழுதாகி இடம் மாற்றப்பட்ட பிரிவுகளின் தொகை. 197 ஆம் எண், படிக்க இயலாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகளின் தொகை. இவை ஏறிக்கொண்டே போனால் அவ்வட்டில் ஆய்வேட்டை வைக்கலாகாது. 199 ஆம் எண் மட்டும் ஏறினால் வட்டைக் குறை கூறாமல், இணைக்கும் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டுதல் வேண்டும். தம்பியின் வட்டில் மூன்றும் சுழியம்.

எஞ்சியது ரேம். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்னும் சிறு நிரல் இயங்குதளம் எதுவுமின்றித் தானே எழுந்து, நினைவின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எண்ணை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுகின்றது. இரவில் ஓடவிட்டுப் படுத்தோம். விடியும்போது திரையில் சிவப்பு வரிகள் நிறைந்திருந்தன. இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். ரேம் பழுது என்று தெரிந்துவிட்டது. ஆனால் பழுது பலகையிலா, பலகையைச் செருகும் துளையிலா? துளையில் என்றால் கடைக்காரரின் மதர்போர்டுத் தீர்ப்பு உண்மையாகிவிடும். ஆகவே கணினியை அணைத்து, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பலகையை மட்டும் வைத்து, இரண்டு துளையிலும் மாற்றி மாற்றிச் சோதித்தோம். நான்கு சோதனைகள். இரண்டாம் பலகை எந்தத் துளைக்குப் போனாலும் பிழை அதன் பின்னாலேயே போயிற்று. முதற்பலகை இரு துளைகளிலும் குற்றமற்று நின்றது. மதர்போர்டுக்கு விடுதலை கிடைத்தது. நல்ல பலகை ஒன்றோடேயே நிறுவும் வேலையும் அன்று மாலை தடையின்றி முடிந்தது. இரண்டாம் துளைக்குப் பழைய டி.டி.ஆர்.3 பலகை ஒன்றைச் சில நூறு ரூபாய்க்குப் பின்னர் வாங்கினார். வாங்குவோர் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 வேறுபாட்டைப் பார்த்து வாங்குக; ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது.

கதை அத்துடன் முடியவில்லை. மறுமுறை எழுப்பியபோது, துவக்கத்தக்க வட்டு எதுவும் இல்லை என்று திரை சொன்னது. இப்பிணி ரேமைச் சார்ந்ததன்று. 2012 ஆம் ஆண்டையொட்டி வந்த பல மடிக்கணினிகளில் பழைய பயாஸ் முறை, புதிய யு.இ.எப்.ஐ. முறை இரண்டும் உண்டு. பயாஸ் முறை வட்டின் முதற்பிரிவில் துவக்கி நிரலைத் தேடும். யு.இ.எப்.ஐ. முறையோ, வட்டில் அதற்கென ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் கோப்பாகத் தேடும். பென் டிரைவை ஒரு முறையில் எழுப்பி நிறுவிவிட்டு, வட்டை மற்றொரு முறையில் எழுப்ப முயன்றால், வீட்டைக் கட்டிவிட்டு முகவரியை வேறு தெருவில் எழுதிவைத்தது போலாகும். துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இருமுறை தோன்றுவதும் இதனாலேதான், அவற்றுள் யு.இ.எப்.ஐ. என்ற முன்னொட்டு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. தேர்ந்த ‘ஜி.பி.டி.’ வட்டில் நிறுவ இயலாது என்று விண்டோஸ் பிடிவாதம் பிடிப்பதும் பெரும்பாலும் இம்முறை மாறாட்டமே. லினக்ஸில் எழுந்தபின் எம்முறையில் எழுந்தோம் என்று அறிய எளிய வழி உண்டு. ‘சிஸ்’ என்னும் கோப்புறையில் ‘பர்ம்வேர்’, அதனுள் ‘இ.எப்.ஐ.’ என்ற கோப்புறை இருந்தால் யு.இ.எப்.ஐ.; இல்லையேல் பயாஸ். தம்பியின் கணினியில் அமைப்பை யு.இ.எப்.ஐ. மட்டும் என்று நிறுத்தி, பென் டிரைவையும் அம்முறையிலேயே எழுப்பி மறுபடி நிறுவினோம். எழுந்தது.

பிற இடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். துவக்கப் பட்டியல் தெரிந்து, பிறகு திரை கறுத்துவிட்டால் வரைகலைச் சில்லின்மேல் ஐயம் கொள்க. பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் படம் வரும். வயர்லெஸ் இயங்காவிடில் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். நிறுவிய பின் எந்தத் தளமும் திறக்காமல் பாதுகாப்புச் சான்று பிழை என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பலகையில் உள்ள காசளவு மின்கலம் தீர்ந்திருந்தால் கணினி 2012 இல் வாழ்ந்துகொண்டிருக்கும். இன்றைய சான்றுகள் அதற்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டவை. நம்ப மறுப்பது நியாயந்தானே? பழைய உரிமையாளரின் படங்களும் கோப்புகளும் வட்டில் இருந்தால், திறந்து பாராமல் முழுதும் அழித்துவிட்டு நிறுவுவதே பண்பு.

வாங்கப் போகின்றவர்களுக்கு ஒன்று. கடையிலேயே கணினியை எழுப்பி, பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், விலை எத்துணை மலிவாயினும் வாங்க வேண்டாம். அலுவலகப் பயன்பாட்டுக்கெனச் செய்த பல மடிக்கணினிகளில் அக்கடவுச்சொல் கடிகார மின்கலத்தைக் கழற்றினாலும் அழியாது. கடைக்காரர் இசைந்தால் பென் டிரைவிலிருந்து எழுப்பி, ஸ்மார்ட் குறிப்பையும் அங்கேயே படித்துவிடலாம். இசையாதவர் கடையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

மெம்டெஸ்ட், லினக்ஸ் மின்ட் இரண்டும் அடங்கிய பென் டிரைவ் ஒன்றைச் சங்கத்துக்கென்று செய்து செயலாளரிடம் கொடுத்துள்ளேன். அதனுடன் ஒரு சிறு குறிப்பேடும் உண்டு. எந்தக் கணினி, எந்த இடத்தில் நின்றது, எதை மாற்றியபின் என்ன ஆயிற்று என்பதை எடுத்துச் செல்வோர் அதில் எழுத வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். சனிக்கிழமை காலை எடுத்துச் சென்றால் ஞாயிறு இரவு உணவுக்கு முன் திருப்பித் தந்துவிடுக. அடுத்து மூவர் பெயர் கொடுத்துள்ளனர்.