புழுதிக்குப் பின் மழை

இராஜஸ்தானின் மேற்கே தார்ப் பாலைவனம் பரந்துள்ளது. அங்கே மே, ஜூன் மாதங்களில் புழுதிப்புயல் வீசும். அதனை மக்கள் ‘ஆந்தி’ என்பர். வானம் பழுப்பு நிறமாக மாறியதும் கதவுகளையும் சன்னல்களையும் அடைப்பர். இடுக்குகளில் துணியைச் செருகுவர். குடிநீர்ப் பானைகளை மூடி வைப்பர்.

புயல் ஓய்ந்தபின் பெரும்பணி தொடங்கும். சிற்றூர்களில் பல வீடுகளின் அருகே ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டி இருக்கும். அதனைச் சுற்றிச் சரிவாக அமைந்த தரைக்கு ‘ஆகோர்’ என்று பெயர். அத்தரையில் விழும் மழைநீரே தொட்டிக்குள் வடியும். ஆகவே, மழைக்கு முன் ஆகோரில் படிந்த புழுதியைப் பெருக்குவர்; தொட்டியில் இறங்கி வண்டலை அள்ளுவர். பின்னர் அத்தரையில் காலணியுடன் நடப்பதில்லை, கால்நடைகளையும் விடுவதில்லை.

ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஓராண்டு மழை சராசரியாக 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதுவும் சில நாள்களிலேயே பெய்துவிடும். அப்போது ஆகோரில் புழுதி கிடந்தால், பல மாதங்களுக்கு உரிய குடிநீர் மாசடையும். எனவே, அங்கே துடைப்பமும் நீரைக் காக்கும் கருவியே ஆகும்.

சொற்பொருள்: வண்டல் – நீரின் அடியில் படியும் மண்.

வினாக்கள்
1. ஆகோரில் காலணியுடன் ஏன் நடப்பதில்லை?
2. மழைக்காலத்திற்கு முன் உங்கள் வீட்டில் செய்யும் இரண்டு பணிகளை எழுதுக.