கருகிய கன்றைப் பிடுங்க வேண்டாம்

சென்ற இதழ்களில் மரக்கறிப் பாத்தி, கூட்டெரு என்று பார்த்தோம். இம்முறை கொஞ்சம் வேறு விஷயம். லயத்துக்குப் பின்னால், பாடசாலைக்கு மேலே, பீலிக்கரையில் என்று பல தோட்டங்களில் நம்மவர்கள் நாட்டு மரக்கன்றுகளை வைத்து வளர்க்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை அது. அப்படி வளர்த்த கன்றுகளில் நெருப்புப் பிடித்துவிட்டால் என்ன செய்வது? எங்களுக்கு நடந்ததையே பாடமாகச் சொல்கிறோம். நாங்கள் செய்த பிழைகளும் இதில் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் பாடம் பாதிதான்.

நாங்கள் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறோம். ஊவாவின் புல் மலைகளில் யாரும் வைக்காமல் தானாகவே வளரும் மரங்கள் சில உண்டு. நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை, கஹட்ட என்பவை அவை. அரலு, புளு, நெல்லி என்று சிங்களத்தில் ஒரே மூச்சில் சொல்வார்களே, அது கடுக்காய், தான்றி, நெல்லி. மருந்துக்கடையில் திரிபலா என்று வாங்குவதும் இந்த மூன்றையும்தான். பிபிலை, நில்கல பக்கம் போய் வந்தவர்கள் இந்த மரங்கள் புல்வெளியில் எட்ட எட்ட நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

2020இல் எங்கள் டிவிஷனில் தேயிலை இல்லாமல் காடாகிப்போன அரை ஏக்கர் சரிவில் இந்தக் கன்றுகளை வைக்கத் தொடங்கினோம். வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். நெல்லிதான் அதிகம், அதனால் எல்லாரும் அதை நெல்லிக்காடு என்றே சொல்வார்கள். சரிவுக்குக் கீழேதான் இரண்டு லயத்துக்குத் தண்ணீர் தரும் பீலி இருக்கிறது. மேலே மண் வெறுமையாகக் கிடந்தால் மழை நாளில் பீலியில் சேறு வரும். கச்சான் காலத்தில் நூல் மாதிரி ஒழுகும். குடத்தோடு வரிசையில் நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. "இதுக்கு பேர் போடுவாங்களா?" என்று முதலில் கேட்ட பெண்கள்தான் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்கள்.

2023 ஆகஸ்ட். கச்சான் காற்று கடுமையாக வீசிய ஒரு பின்னேரம் மேல் மலையில் புகை தெரிந்தது. மானாப்புல்லில் எண்ணெய் இருக்கிறது. காய்ந்துவிட்டால் சருகு மாதிரி அல்ல, மண்ணெண்ணெய் தெளித்த மாதிரி எரியும். கொப்பு ஒடித்துக்கொண்டு ஓடினோம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. 140 கன்றுக்கு மேல் இருந்த இடத்தில் கறுப்புக் குச்சிகள் மட்டும் நின்றன.

அடுத்த நாள் வேலை விட்டு வந்து பார்த்தவர்களில் சிலர் அழுதார்கள். சிலர் ஏசினார்கள். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று யாரோ வைத்த நெருப்பு என்றார்கள். மாடு வைத்திருப்பவர்களோ பொடியன்களின் பீடித்துண்டு என்றார்கள். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த வழக்கில் ஒரு மாதம் போனது. ஞாயிறு வேலைக்கு வந்த 14 பேர் 5 பேரானோம். தோட்ட நிர்வாகமும் ஆள் அனுப்பியது. வருஷ முடிவுக்குள் அங்கே பச்சை தெரியாவிட்டால் யூக்கலிப்டஸ் வைப்போம் என்று சொன்னார்கள். தொழிற்சாலைக்கு விறகு வேண்டும், அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஆனால் எங்களுக்கு அது பீலியின் தலையெழுத்து.

பயத்தில் ஒரு பிழை செய்தோம். கருகியதையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைப்போம் என்று தொடங்கினோம். இருபது கன்று பிடுங்கியிருப்போம். அப்போது வேலை ஓய்ந்த கவ்வாத்துக்காரத் தாத்தா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்புள்ள, நாப்பது வருசம் கவ்வாத்து வெட்டுனவன் நான். வெட்டுன மலைய பாத்தா செத்த மலை மாதிரிதான் இருக்கும். அதுக்காக வேரோட புடுங்குனமா? விடுங்க, மழை வரட்டும்."

பிடுங்கிப் போட்ட ஒரு நெல்லி வேரை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே ஈரமாக, வெள்ளையாக இருந்தது. உயிருள்ள கன்றைத்தான் நாங்கள் பிடுங்கியிருக்கிறோம். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்னதன் உள்விஷயத்தைத் தேயிலையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கவ்வாத்துக்கு முன்னால் செடியைக் கொஞ்சக் காலம் கொழுந்து எடுக்காமல் ஓயவிடுகிறோமே, ஏன்? வேரில் மாப்பொருள் சேருவதற்காக. வேரை வெட்டி அயடீன் தடவிப் பார்ப்பதும் உண்டு. கருநீலமாக மாறினால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். இலை ஒன்றும் இல்லாத செடி அந்தச் சேமிப்பைத் தின்றுதான் மறுபடி துளிர்க்கிறது. நெல்லியும் கடுக்காயும் கஹட்டவும் அப்படித்தான். அடிக்கடி நெருப்புப் போகும் மலையில் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்து வந்த மரங்கள் அவை. வளர்ந்த மரத்துக்குத் தடித்த பட்டை காவல். பட்டை தடிக்காத கன்றுக்கு வேர்தான் காவல். புல் நெருப்பு வேகமாக ஓடிவிடும். மேலே எவ்வளவு சூடாக இருந்தாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே மண் அவ்வளவாகச் சூடாகாது.

ஆனால் ஒன்று. சேமிப்பு இருந்தால்தானே எடுக்க முடியும்? 2020, 2021இல் வைத்த கன்றுகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. 2022 மழைக்கு வைத்தவை அநேகமாகப் போய்விட்டன. ஒரு வருஷம்கூட ஆகாத வேரில் என்ன இருக்கும்?

இன்னொரு வித்தியாசத்தையும் கண்டோம். அதுதான் எங்களை அதிகம் சுட்டது. ஈரம் காக்கட்டும் என்று மானாவை அறுத்து ஒவ்வொரு கன்றின் அடியிலும் முழங்கால் உயரத்துக்குக் குவித்திருந்தோம். தேயிலையில் பார்த்துப் பழகிய வேலை. அந்தக் குவியலில் ஓடுகிற நெருப்பு நின்றுவிட்டது. புல்லில் ஒரு நிமிஷம் எரிந்தது, குவியலில் மணிக்கணக்காகக் கனன்றது. அந்தச் சூடு வேர்த்தலை வரை இறங்கிவிட்டது. சோம்பலில் மூடாக்குப் போடாமல் விட்ட மேல் வரிசைதான் முதலில் துளிர்த்தது! சோம்பேறிகள் அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். மூடாக்குப் போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழைக்காலத்தில் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். கச்சான் பிடிக்கு முன் வாரி எடுத்துவிடுங்கள்.

கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் விதம் இது. நுனியிலிருந்து தொடங்கி நகத்தால் பட்டையை மெல்லக் கீறிக்கொண்டே கீழே வாருங்கள். மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் செத்தது. பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரம் தெரிந்தால் அங்கிருந்து உயிர் இருக்கிறது. அடிவரை காய்ந்திருந்தால் சுரண்டியால் மண்ணை இரண்டு அங்குலம் விலக்கி வேர்த்தலையைக் கீறிப் பாருங்கள். பார்த்ததும் மண்ணை மூடிவிடுங்கள். உயிருள்ள கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, பழைய படங்குத் துண்டு ஒன்றைக் கட்டி அடையாளம் வைத்தோம். அடையாளம் இல்லாவிட்டால் புல் வெட்டுகிறவர் கை அதையும் சேர்த்து வெட்டிவிடும்.

உடனே கத்தியை எடுக்க வேண்டாம். துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு, அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் போதும். உரமும் வேண்டாம். சாம்பலே உரம்தான், அது மழையில் போகாமல் பார்ப்பதுதான் வேலை. எரிந்த சரிவில் முதல் பெருமழை கொண்டுபோகும் மண்ணை நெருப்புகூடக் கொண்டுபோவதில்லை. செப்டெம்பரில் நாங்கள் 5 பேரும் செய்தது இது மட்டும்தான். கருகிய கொப்புகளையும் கல்லையும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினோம். தேயிலை மலையில் கான் வெட்டும்போது இடையிடையே மண் தடுப்பு விடுவோமே, அதே மாதிரி சின்னக் கான் இரண்டும் வெட்டினோம். பீலிக்கு வரும் சேறு அங்கே தங்கியது.

கஹட்டதான் முதலில் வந்தது, மழைக்கும் முன்னால், செம்பு நிறத் துளிர். ஐப்பசி மழைக்குப் பிறகு நெல்லி வந்தது. பிறகு வேங்கை, தான்றி. அதைப் பார்க்கத்தான் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கூப்பிட்டு வரவில்லை, எட்டிப் பார்க்க வந்தார்கள், கையில் சுரண்டியோடு நின்றுவிட்டார்கள். டிசம்பரில் நிர்வாகத்தின் ஆள் வந்தபோது 70 கன்றுக்கு மேல் பச்சை தெரிந்தது. யூக்கலிப்டஸ் பேச்சு அப்போதைக்கு ஓய்ந்தது.

அடியிலிருந்து நாலைந்து துளிர் ஒன்றாக வரும். எல்லாவற்றையும் விட்டால் புதர்தான் மிஞ்சும். ஓர் அடி வளர்ந்ததும் நேரானதும் தடித்ததுமான ஒன்றை வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். மாடு நுழையும் இடமென்றால் இரண்டாக வையுங்கள். ஒன்றை மாடு கடித்தாலும் மற்றது மிஞ்சும். கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்கு மானாவையும் கினிப்புல்லையும் கையால் பிடுங்க வேண்டும். மருந்தடிக்க வேண்டாம், துளிர் இலையில் பட்டால் நெருப்புக்குத் தப்பியது மருந்துக்குச் சாகும்.

சந்தனம் ஆறு வைத்திருந்தோம், ஆறும் போய்விட்டது. ஊவாவில் காடாகவே வளரும் மரம் என்றாலும் அதன் பட்டை மெல்லியது, நெருப்பைத் தாங்காது. அதற்குத் தனியாக வளரவும் முடியாது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சாறு எடுத்தே வளரும். துணைக்கு வைத்த துவரையும் எரிந்துவிட்டது. மறுபடி வைப்பதானால் முதலில் துவரை, பிறகுதான் சந்தனம்.

செத்த இடங்களுக்கு விதை போட்டுக் கன்று எடுத்தோம். நெல்லிப் பழத்தின் சதையை நீக்கிக் கொட்டையை வெயிலில் காயவைத்தால் அதுவே வெடிக்கும், உள்ளே ஆறு சின்ன விதைகள் இருக்கும். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். கடுக்காய்க் கொட்டையை இரண்டு நாள் ஊறவைத்துப் போட வேண்டும். முளைக்க நாளாகும், பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும்!

இனி நெருப்புக்கு என்ன வழி? யார் வைத்தது என்று தேடுவதை விட்டோம். மாடு வைத்திருக்கும் நாலு குடும்பத்தையும் பிள்ளை மடுவத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துக் கதைத்தோம். முற்றிய மானாவை மாடு தொடாது, இளசாக அறுத்தால் தின்னும். நெல்லிக்காட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு வரும் புல் முழுக்க அவர்களுக்கு, முற்றவிடாமல் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். ஒரு அக்கா மட்டும் "எங்க மேலதான பழி போட்டீங்க" என்று முகம் திருப்பிக்கொண்டு போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மன்னிப்புக் கேட்டோம். மூன்றாம் கிழமை அரிவாளோடு வந்தார். 2024 கச்சான் காலத்தில் அந்தப் பத்தடியில் தீப்பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை, ஆட்டுக்குட்டி மேய்ந்த மைதானம் மாதிரி கிடந்தது.

உங்கள் தோட்டத்தில் கன்று கருகியிருந்தால் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை வந்து எங்களுடையதைப் பாருங்கள். தாத்தா சுற்றிக் காட்டுவார், கீறிக் காட்டவும் செய்வார். ஞாயிறு பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன்னால் எல்லாரும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள்.