ஐந்து ஏக்கரும் தண்ணீரும்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில், கோஸ்டியா கவுன்ட்டியில் 5 ஏக்கர் நிலம் மலிவாக வருகிறது. காய்கறி, கோழி என்று வளர்த்து, ஆபத்துக் காலத்திலும் யார் கையையும் எதிர்பாராமல் வாழ ஆசை. வாங்கலாமா?
– வாசகி, டென்வர்

பதில்: அருமையான ஆசை, சகோதரி. முன்பணம் கொடுப்பதற்குள் தண்ணீரை விசாரித்துவிடுங்கள். கொலராடோவில் நிலத்தோடு நீருரிமை தானாக வந்துவிடாது. 35 ஏக்கருக்குக் குறைந்த மனை என்றால், பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்குவதற்கு மட்டுமே கிணற்று அனுமதி கிடைக்கும். அந்த நீரைத் தோட்டத்துக்கோ கோழிக்கோ விட முடியாது. மழைநீரும் பொதுவாக இரண்டு பீப்பாய்களில், மொத்தம் 110 கேலன் வரைதான் பிடிக்கலாம். இந்தக் கவுன்ட்டி இருக்கும் பள்ளத்தாக்கில் மழை பெய்வதே ஆண்டுக்குப் பத்து அங்குலத்துக்கும் குறைவு. அதனால் பலர் லாரியில் நீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புகிறார்கள். அந்தச் செலவையும் நிலத்தின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

இதே கவுன்ட்டியில் உள்ள சான் லூயிஸ் ஊரில் 1852 முதலே நீருரிமை பெற்ற வாய்க்கால் ஓடுகிறது. அத்தகைய பாசன உரிமையுள்ள சிறு நிலம் கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அந்த ஊர் இருப்பது ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில். உறைபனி இல்லாத காலம் குறுகியது. உருளைக்கிழங்கு, கேரட் நன்றாக வரும். தக்காளிக்குப் பசுமைக்குடில் வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லை, சூரிய மின்சாரம் கைகொடுக்கும்.

2018இல் ஒரு காட்டுத்தீ இந்தக் கவுன்ட்டியிலும் பக்கத்துக் கவுன்ட்டியிலுமாக ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. எனவே வெளியேற இரண்டு பாதைகள் உள்ள மனையாகத் தேர்ந்தெடுங்கள். பனியை யார் அகற்றுவார்கள், ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று கவுன்ட்டி அலுவலகத்தில் கேளுங்கள். ஜனவரியில் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.